வெல்டிங் ரோபோவை வைத்தே ஆங்கிலம் கற்க முடியுமா?

பீன்யா_ஃபிட்டர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்து, ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவை முடித்தபின், பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து வருகிறேன். எங்கள் பிரிவில் இதுவரை கையால் செய்துவந்த வெல்டிங்கை இப்போது ஆறு அச்சுகள் கொண்ட ரோபோ செய்கிறது. அந்த செல்லை (ரோபோவும் அதன் கருவிகளும் வேலிக்குள் இருக்கும் இடத்தை) பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வேலையில் எனக்குப் பயமில்லை. கன்னடத்திலும் தமிழிலும் உடன் வேலை செய்பவர்களோடு பேசிக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் கையேடு, டீச் பென்டன்ட்டின் (ரோபோவுக்கு அசைவுகளைக் கற்றுக்கொடுக்கும் கைக்கருவியின்) திரை, எச்சரிக்கைப் பலகை, ஷிப்ட் பதிவேடு ஆகிய எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன.

ஜாலஹள்ளி கிராஸ் பக்கத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதும், ஓட்டலில் அறை கேட்பதும், பிடித்த நடிகரைப் பற்றிப் பேசுவதுமே பாடமாக இருந்தன; எனக்கு வேண்டியது அதுவன்று. எனவே ரோபோவையே பாடப்பொருளாக வைத்துக்கொண்டு ஆங்கிலச் சொற்களையும் இலக்கணத்தையும் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். அது சரியான வழிதானா, அப்படியானால் எந்தச் சொற்களிலிருந்தும் எந்த இலக்கணத்திலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கையேடு_எழுதுபவர் (பதில்):

வைட்ஃபீல்டில் இயந்திரங்களுக்கான கையேடுகளை எழுதும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் நினைப்பது சரியான வழிதான், தம்பி. கையேட்டு ஆங்கிலம் என்பது செய்தித்தாளின் ஆங்கிலத்தைப் போலப் பரந்து கிடப்பதன்று. வேண்டுமென்றே குறுக்கி, வேலியிட்டு வைத்திருக்கும் ஆங்கிலம் அது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத தொழிலாளர்களும் விமானப் பராமரிப்புக் கையேடுகளைப் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக ஐரோப்பிய விமானத் தொழில்துறையினர் 1980-களில் வகுத்த விதிகள் இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 (எளிய தொழில்நுட்ப ஆங்கிலம்) என்ற பெயரில் வழங்குகின்றன. அவற்றின்படி, செய்முறையைச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களையும் விளக்கம் தரும் வாக்கியம் 25 சொற்களையும் தாண்டக்கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைக்கு மேல் பொதுவாக இருக்கக்கூடாது. ஒரு சொல்லுக்கு இயன்றவரை ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். 'ஃபாலோ' என்ற சொல்லைப் பின்னால் வருதல் என்ற பொருளில் மட்டும் வைத்துக்கொண்டு, விதிக்குக் கட்டுப்படுவதற்கு 'ஒபே' என்று எழுதச் சொல்லும் அளவுக்கு அந்த விதிகள் கறாரானவை. ரோபோக் கையேடுகள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் நன்றாக எழுதப்பட்டவை இந்த நடையை ஒட்டியே இருக்கும்.

முதலில் எச்சரிக்கைப் பலகைகளைப் படியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்காகவும், துணைவினைகளை அவற்றைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் பாடம் வேறில்லை என்பதற்காகவும் சொல்கிறேன். அமெரிக்கத் தரமான ஏஎன்எஸ்ஐ இசட்535-இன்படி, 'டேஞ்சர்' என்று இருந்தால், தவிர்க்காவிட்டால் மரணமோ கடும் காயமோ நிச்சயம் என்று பொருள். அதன் விளக்கத்தில் 'வில்' என்ற துணைவினை வரும். 'வார்னிங்' என்று இருந்தால் அதே கேடு நேரக்கூடும் என்று பொருள். அங்கே 'குட்' வரும். 'காஷன்' என்பதிலும் 'குட்' தான், ஆனால் காயம் சிறியதாகவோ நடுத்தரமாகவோ இருக்கும். 'நோட்டீஸ்' என்பது ஆளுக்கு வரும் காயத்தைப் பற்றியதே அன்று. பொருளுக்கோ இயந்திரத்துக்கோ வரும் சேதத்தைக் குறிப்பது. நேரும், நேரக்கூடும் என்று தமிழில் நாம் பிரிப்பதைத்தான் அவர்கள் 'வில்', 'குட்' என்று பிரிக்கிறார்கள்.

சர்வதேசத் தர ஆவணங்களிலும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. 'ஷல்' என்றால் கட்டாயம்; 'ஷுட்' என்றால் பரிந்துரை; 'மே' என்றால் அனுமதி; 'கேன்' என்றால் இயலும். தடை விதிக்க 'ஷல் நாட்' என்றுதான் எழுதுவார்கள். 'மே நாட்' என்று எழுதினால் கூடாது என்றும் பொருள்படும், நடக்காமலும் போகலாம் என்றும் பொருள்படும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்தில் 'ஷல்' என்பது 'ஐ', 'வீ' ஆகியவற்றோடு மட்டும் வருவது என்று படித்திருப்பீர்கள். தொழில் ஆவணத்தில் அந்த விதியை மறந்துவிடலாம்.

சொற்களுக்கு, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் ஐஎஸ்ஓ 8373 என்ற தரம் இருக்கிறது. ரோபோவியல் கலைச்சொற்களுக்கென்றே எழுதப்பட்டது. 2021-இல் புதிய பதிப்பு வந்தது. முழு ஆவணத்தையும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றாலும், சொற்களையும் வரையறைகளையும் ஐஎஸ்ஓ இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். அந்த வரையறைகள் ஒரே அச்சில் வார்த்தவை: முதலில் அது எந்த வகைப் பொருள் என்ற பெயர்ச்சொல், பிறகு அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் தொடர். நாளுக்கு இரண்டு மூன்று வரையறைகளைப் படித்து, உங்கள் செல்லில் இருக்கும் ஏதாவது ஒரு ஃபிக்சருக்கு (பாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் அமைப்புக்கு) அதே அச்சில் நீங்களே ஒரு வரையறை எழுதிப் பாருங்கள்.

எஸ்பி_ரோடு_வாடிக்கையாளர் (பதில்):

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு மட்டுமே. தொழிற்சாலை ரோபோவில் உங்கள் விருப்பத்துக்குச் சோதனை செய்ய விடமாட்டார்கள் என்பதால், பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் எஸ்ஜி90 போன்ற சிறிய சர்வோ மோட்டார்களையும், அவற்றை நிரல் எழுதி இயக்க ஓர் ஆர்டுயினோ பலகையையும் வாங்கி, வீட்டிலேயே ஒரு சிறு கையைச் செய்து பார்க்கலாம். நிரலில் 'இஃப்', 'எல்ஸ்', 'வைல்' ஆகியவற்றை எழுதும்போது நிபந்தனை வாக்கியத்தின் எலும்புக்கூடு தானாகப் பிடிபட்டுவிடும். நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகக் குறிப்பு எழுதும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் போதும்.

மாலைநேர_ஆசிரியை (பதில்):

ஐடிஐ, டிப்ளமோ மாணவர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகள். மேலே சொல்லப்பட்டவை ஆங்கிலத்தின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டவை. தமிழ் பேசுபவருக்கு எது எளிது, எது இடறும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரோபோ என்றாலே அசைவு. எனவே வினைச்சொற்களிலிருந்து தொடங்குங்கள். தமிழில் தானாக நடப்பதற்கு ஒரு வடிவமும் பிறர் நடத்துவதற்கு ஒரு வடிவமும் உண்டு: சுழல்கிறது, சுழற்றுகிறது, நகர்கிறது, நகர்த்துகிறது, திரும்புகிறது, திருப்புகிறது, நிற்கிறது, நிறுத்துகிறது. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தது இதைத்தான். ஆங்கிலத்தில் 'ரொட்டேட்', 'மூவ்', 'டர்ன்', 'ஸ்டாப்' ஆகிய நான்குமே இரண்டு வேலையையும் ஒரே வடிவத்தில் செய்கின்றன; பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் பொருளைப் பிரிக்க வேண்டும். இது தெரியாததால்தான் நம் பிள்ளைகள் 'மேக் இட் டு ரொட்டேட்' என்று சுற்றி வளைக்கிறார்கள். 'ரொட்டேட் இட்' என்றாலே போதும். 'ரைஸ்', 'ரெய்ஸ்' போல வடிவம் மாறுபவை ஆங்கிலத்தில் சிலவே. அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

அடுத்தது இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொற்கள். தமிழில் 'மேல்' என்ற ஒரே சொல் தொட்டுக்கொண்டிருப்பதற்கும் தொடாமல் உயரத்தில் இருப்பதற்கும் வரும்: மேசைமேல் புத்தகம், தலைக்குமேல் விசிறி. ஆங்கிலத்தில் தொட்டிருந்தால் 'ஆன்', தொடாமல் உயரத்தில் இருந்தால் 'அபவ்', ஒன்றைக் கடந்து செல்வதென்றால் 'ஓவர்' அல்லது 'அக்ராஸ்'. வகுப்பறையில் இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் பொருட்படுத்துவதே இல்லை. கிரிப்பரை (பாகத்தைப் பிடிக்கும் ரோபோவின் பிடியை) பாகத்துக்கு 50 மில்லிமீட்டர் 'அபவ்' நிறுத்தச் சொல்லியிருக்கும்போது 'ஆன்' என்று படித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் உடனே நிமிர்ந்து உட்காருகிறார்கள். ரோபோவை வைத்து ஆங்கிலம் படிப்பதில் நான் காணும் பெரிய நன்மை இதுதான்: வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் அது இயந்திரத்தின் அசைவில் தெரிந்துவிடும், ஓட்டலில் அறை கேட்கும் பாடத்தில் அப்படி எதுவும் தெரியாது.

எளிதான ஓர் இடமும் இருக்கிறது. கையேட்டில் 'ரோபோ ரிஸ்ட் டார்க் சென்சார் கேபிள் கனெக்டர்' என்று ஆறு பெயர்ச்சொற்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள். அதைத் தமிழ்ப்படியே படியுங்கள்: ரோபோவின் மணிக்கட்டிலுள்ள முறுக்குவிசை உணரியின் கேபிளின் இணைப்பான். சொல் வரிசை ஒன்றேதான். கடைசிச் சொல்தான் பொருளின் பெயர், முன்னால் உள்ளவை அதற்கு அடை. நம் வேற்றுமைத்தொகையும் இப்படித்தானே நிற்கிறது! (மேலே கையேடு எழுதுபவர் சொன்ன எளிய ஆங்கில விதிகள் மூன்று பெயர்ச்சொற்களுக்குமேல் இப்படி அடுக்கக்கூடாது என்கின்றன, ஆனால் தொழிற்சாலையில் யார் கேட்கிறார்கள்.) 'ஆஃப்' வரும் தொடர்களில்தான் வரிசை தலைகீழாகும், அவற்றைப் பின்னாலிருந்து படிக்கப் பழகுங்கள்.

நிபந்தனை வாக்கியத்திலும் இந்தத் தலைகீழ் உண்டு. தமிழில் 'கதவு திறந்தால் ரோபோ நிற்கும்' என்று நிபந்தனையே முன்னால் வரும். ஆங்கிலத்தில் கட்டளையை முதலில் சொல்லிவிட்டு, நிபந்தனையை வால் போலப் பின்னால் வைப்பதுண்டு. 'டு நாட் என்டர் தி செல் அன்லெஸ் தி பவர் இஸ் லாக்ட் அவுட்' என்ற வாக்கியத்தில் 'அன்லெஸ்' இருப்பதைக் கவனிக்காமல் 'இஃப்' என்று படித்தால் பொருள் நேர்மாறாகிவிடும். 'மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியிருந்தால் ஒழிய செல்லுக்குள் நுழையாதே' என்பதில் வரும் 'ஒழிய' தான் 'அன்லெஸ்'. பாதியில் நின்றுவிடாமல், வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை படித்த பிறகே கை வைப்பது என்று பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

திரையில் வரும் செய்திகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 'டோர் ஓப்பன்' என்றால் கதவு திறந்திருக்கிறது என்ற நிலை. 'ஓப்பன் டோர்' என்றால் பெரும்பாலும் கதவைத் திற என்ற கட்டளை. 'லிமிட் எக்சீடட்', 'எமர்ஜென்சி ஸ்டாப் பிரஸ்ட்' போன்றவற்றில் 'இஸ்', 'ஹேஸ் பீன்' ஆகியவை இடப் பற்றாக்குறையால் விடுபட்டவை. அவற்றைப் பார்த்தால் மனத்துக்குள் முழு வாக்கியமாக்கிப் படியுங்கள். அந்தத் தந்தி நடையை உங்கள் எழுத்தில் பின்பற்ற வேண்டாம்.

லைன்_பொறியாளர் (பதில்):

நான் சற்று மாறுபடுகிறேன். கையேட்டை மட்டும் படித்தால் உங்களுக்குக் கட்டளை வாக்கியமும் நிகழ்காலமும் மட்டுமே வரும். 'பிரஸ்', 'ரிலீஸ்', 'செக்' என்று இயந்திரத்துக்கு முன்னால் நிற்பவரிடம் பேசும் மொழி அது. ஆனால் உங்கள் வேலையில் நீங்கள் ஆங்கிலத்தை உருவாக்க வேண்டிய இடங்கள் இரண்டு: ஷிப்ட் பதிவேடு, சர்வீஸ் பொறியாளரோடு தொலைபேசி. இரண்டிலும் நடந்து முடிந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஊக்கமும் திறமையும் உள்ள ஆட்கள்கூடக் கையேட்டை நன்றாகப் படித்துப் புரிந்துகொண்டு, பதிவேட்டில் 'ரோபோ ப்ராப்ளம், சால்வ்ட்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதை எல்லா ஆலைகளிலும் பார்க்கிறேன். அடுத்த ஷிப்ட்டில் வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

எனவே ஒவ்வொரு பழுதையும் நான்கு வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். பழுது வந்தபோது ரோபோ என்ன செய்துகொண்டிருந்தது என்பது தொடர் இறந்தகாலம்: 'வாஸ் வெல்டிங்'. என்ன நடந்தது என்பது சாதாரண இறந்தகாலம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதும் அதே காலம். இப்போது என்ன நிலை என்பது நிகழ்காலம். தொழிலுக்குத் தேவையான காலங்களில் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடுகிறது. வேறு பயிற்சிப் புத்தகம் தேவையில்லை.

ஆசிரியை சொன்ன தன்வினை, பிறவினைப் பேச்சு பதிவேட்டில்தான் உண்மையில் கனமாகிறது. 'தி ஆர்ம் ஸ்டாப்ட்' என்றால் கை தானாக நின்றது. 'தி ஆர்ம் வாஸ் ஸ்டாப்ட்' என்றால் யாரோ, எதுவோ நிறுத்தியது. முதலாவதைப் படித்தால் நான் டிரைவிலும் (மோட்டாருக்கு மின்சாரம் தந்து இயக்கும் பகுதியிலும்) கேபிளிலும் தேடுவேன். இரண்டாவதைப் படித்தால் யார் பொத்தானை அழுத்தியது என்று கேட்பேன்.

வினைச்சொற்களைக் கையால் படிக்கலாம் என்பதற்கு டீச் பென்டன்ட்டின் பின்புறத்தில் இருக்கும் எனேபிளிங் சுவிட்ச் நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு மூன்று நிலைகள்: விட்டுவிட்டால் ரோபோ நிற்கும், நடுநிலையில் பிடித்திருந்தால் இயங்கும், பதறி இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். 'ரிலீஸ்', 'ஹோல்ட்', 'ஸ்க்வீஸ்' என்ற மூன்று சொற்களின் வேறுபாடும் உங்கள் விரல்களில் இருக்கிறது. பென்டன்ட்டைப் பிடித்து இப்படி இயக்கும்போது ரோபோக் கையின் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்குமேல் போகக்கூடாது என்பதைக் கையேட்டில் 'ரெட்யூஸ்ட் ஸ்பீட்' என்ற தலைப்பில் தேடிப் படியுங்கள்.

இரட்டைப் பொருள் சொற்களுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 'பேக் அப்' என்றால் பின்னோக்கி நகர்த்துவதும் உண்டு, நிரலைப் பிரதி எடுத்து வைப்பதும் உண்டு. 'க்ளியர் தி அலாரம்' என்றால் எச்சரிக்கையை நீக்குவது. 'க்ளியர் தி ஏரியா' என்றால் ஆட்கள் அந்த இடத்தைவிட்டு அகல்வது. அந்தப் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். நாம் இங்கே தமிழ் எழுத்தில் பேசிக்கொள்வது வசதிக்காகத்தான். பாகங்களைப் போட்டு வைக்கும் தொட்டியும், ஃபிக்சரில் பாகத்தை நிலைநிறுத்தும் சிறு முளையும் தமிழ் எழுத்தில் 'பின்' என்று ஒன்றாகிவிடும். ஆங்கில எழுத்தில் எழுதி, முதல் ஒலியை வாய்விட்டுச் சொல்லிப் பழகாவிட்டால் தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் தொட்டியைத் தேடிக்கொண்டிருப்பார். 13, 30 போன்ற எண்களிலும் இதே தொல்லை உண்டு. 'ஒன் த்ரீ', 'த்ரீ ஜீரோ' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது.

பீன்யா_ஃபிட்டர்:

மூவருக்கும், எஸ்.பி. ரோடு நண்பருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி நேற்றைய பழுது ஒன்றை எழுதிப் பார்த்தேன். தமிழ் எழுத்திலேயே தருகிறேன். திருத்தித் தர வேண்டுகிறேன்.

'தி ரோபோ வாஸ் வெல்டிங் ஜாயின்ட் 2. தி வயர் காட் ஸ்டக் டு தி பார்ட். தி ஆர்ம் வாஸ் ஸ்டாப்ட். ஐ ஹேவ் கட் தி வயர் அண்ட் க்ளியர்ட் தி அலாரம் அட் 10.40. நவ் ரன்னிங்.'

கம்பி ஒட்டிக்கொண்டதும் ரோபோ தானாகவே நின்றது. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. 'ஹேவ் கட்' என்று எழுதலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

மாலைநேர_ஆசிரியை:

உங்கள் சந்தேகம் நியாயமானது. தமிழில் '10.40-க்கே நீக்கிவிட்டேன்' என்று சொல்லும்போது முடிந்துவிட்டது என்ற உணர்வும் நேரமும் ஒரே வினையில் சேர்ந்து வருகின்றன. அதனால்தான் கை தானாக 'ஹேவ்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்' வராது. 'ஐ கட் தி வயர் அண்ட் க்ளியர்ட் தி அலாரம் அட் 10.40' என்று எழுதுங்கள். நேரத்தைச் சொல்லாமல், இப்போது அலாரம் இல்லை என்பதை மட்டும் சொல்ல விரும்பினால் 'ஐ ஹேவ் க்ளியர்ட் தி அலாரம்' என்பது சரி. கடைசி வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும்: 'தி ரோபோ இஸ் ரன்னிங் நவ்'. 'தி பார்ட்' என்று நீங்கள் எழுதியது சரியாகவே இருக்கிறது. எந்தப் பாகம் என்பது படிப்பவருக்குத் தெரியும் என்பதால் அங்கே 'தி' வரும்.

லைன்_பொறியாளர்:

தானாக நின்றது என்பதால் மூன்றாம் வாக்கியத்தை 'தி ஆர்ம் ஸ்டாப்ட்' என்று மாற்றிவிடுங்கள். அலாரத்தின் எண்ணையும் அதே வரியில் சேருங்கள். எண் இருந்தால் பாதி ஆங்கிலம் தேவைப்படாது.

முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் 'ஜாயின்ட் 2' என்பது ஆபத்தான தொடர். வெல்டிங் தெரிந்தவர் அதைப் பாகத்தின் இரண்டாவது இணைப்பு என்று படிப்பார். ரோபோ தெரிந்தவர் கையின் இரண்டாவது மூட்டு என்று படிப்பார். பற்றவைக்கும் இடத்துக்கு 'சீம் 2' என்றும், ரோபோவின் மூட்டுக்கு 'ஆக்சிஸ் 2' என்றும் எழுதுவது என்று உங்கள் செல்லில் எல்லோரும் பேசி முடிவுசெய்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த பழுதை எழுதும்போது கம்பி ஏன் ஒட்டிக்கொண்டது என்பதற்கு 'பிகாஸ்' போட்டு இன்னொரு வாக்கியம் சேர்த்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.